நான்கெழுத்துப் பெயர்

சென்ற மாதம் நண்பர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் பதிப்பியலில் வந்து நின்றது. ஏட்டுச் சுவடியில் மூலமும் உரையும் இடைவெளியின்றி ஓடும் வழக்கத்தைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மென்பொருள் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் சிரித்தார். "எங்கள் தொழிலில் இது தினமும் நடப்பதுதான். ஓர் எக்ஸ்எம்எல் ஆவணத்தை இன்னோர் ஆவணத்துக்குள் வைத்து இணையச் சேவைக்கு அனுப்பிப் பாருங்கள், தெரியும்" என்றார். அனுப்பியிருக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. தொல்காப்பியமும் சுவடியியலும் நடத்துகிறவன் நிரல் எழுதியிருப்பான் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்? அன்று அவரிடம் கதையில் பாதியைத்தான் சொன்னேன். சிரிக்கத்தக்க பாதி அது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

2010ஆம் ஆண்டின் தொடக்கம். நான் பணியில் சேர்ந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அக்காலத்தில் எங்களில் பலருக்கும் வலைப்பூ இருந்தது. அதன் வார்ப்புருவைத் திருத்தித் திருத்தியே எனக்குக் குறிச்சொற்கள் பழகின. அங்கிருந்து பிஎச்பி மொழிக்கு வந்து சிறுசிறு நிரல்கள் எழுதவும் தொடங்கியிருந்தேன். "கம்ப்யூட்டர் தெரிந்த தமிழய்யா" என்றொரு பெயர் கல்லூரியில் பரவிவிட்டது. அப்படிப் பெயர் எடுத்தவன் தலையில் என்னென்ன வேலைகள் வந்து விழும் என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் கல்லூரி இணைவு பெற்றிருந்த பல்கலைக்கழகம், அதுவரை தாளில் எழுதி முத்திரையிட்ட உறையில் பெற்றுவந்த அக மதிப்பெண்களை அவ்வாண்டு முதல் இணையச் சேவை வழியாக அனுப்பச் சொன்னது. ஒவ்வொரு தாளுக்கும் நூற்றுக்கு இருபத்தைந்து அக மதிப்பெண். அது போய்ச் சேராவிட்டால் தேர்வு நுழைவுச்சீட்டு வராது. எங்கள் துறையின் பட்டியலை அனுப்பும் பொறுப்பு எனக்கு வந்தது.

இணையச் சேவை என்பதில் பெரிய மாயம் ஒன்றுமில்லை. நம் கணினியிலுள்ள நிரல், வேறோர் ஊரிலுள்ள வழங்கியின் நிரலை அழைத்து ஒரு வேலையைச் செய்யச் சொல்கிறது. அவ்வேலையைச் செய்யும் பகுதியைச் செயற்கூறு என்பார்கள். அதன் கையில் நாம் கொடுப்பது உள்ளீடு. அது திருப்பித் தருவது விடை. அந்தப் பல்கலைக்கழகத்தின் செயற்கூறு ஒரே ஓர் உள்ளீட்டைத்தான் கேட்டது: மாணவர் பட்டியல் முழுவதும் அடங்கிய ஓர் எக்ஸ்எம்எல் ஆவணம்.

எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரியில் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக வெளிவந்தது. 1986இல் பன்னாட்டுத் தரமான எஸ்ஜிஎம்எல் என்னும் பெரிய முறையைச் சுருக்கிச் செய்தது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னும் பின்னும் ஒரு குறிச்சொல் இட்டு, இது இன்னது என்று சொல்லிவிடுவதே அதன் சாரம். அவர்கள் வைத்திருந்த குறிச்சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தன. ஆனால் எக்ஸ்எம்எல் விதி தமிழ்க் குறிச்சொற்களையும் ஏற்கும் என்பதால், இங்கே தமிழிலேயே எழுதிக் காட்டுகிறேன்.

<மாணவர்>
<பெயர்>பொற்கொடி</பெயர்>
<அகமதிப்பெண்>21</அகமதிப்பெண்>
</மாணவர்>

பொற்கொடி என்பது அம்மாணவியின் உண்மைப் பெயரன்று. இக்கட்டுரையில் வரும் மற்ற பெயர்களும் அப்படித்தான். ஆயினும் இக்கதைக்கு வேண்டிய எழுத்துகள் அவர்களுடைய உண்மைப் பெயர்களிலும் இருந்தன.

இந்த ஆவணத்தைச் செயற்கூற்றிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குச் சோப் என்றொரு நெறிமுறை. அதன் 1.1 பதிப்பு 2000இலும் 1.2 பதிப்பு 2003இலும் வெளிவந்தன. சோப்பும் எக்ஸ்எம்எல்லால் ஆனதே. அதற்கு ஓர் உறை உண்டு, உறைக்குள் உடல் உண்டு, உடலுக்குள் அழைக்க வேண்டிய செயற்கூற்றின் பெயரும் அதற்குள் உள்ளீடும் இருக்கும்.

<உறை><உடல்><மதிப்பெண்பதிவு><தரவு> ... </தரவு></மதிப்பெண்பதிவு></உடல்></உறை>

இந்தத் 'தரவு' என்ற இடத்தில்தான் என் பட்டியல் போக வேண்டும். சேவையின் இலக்கணத்தை விளக்கும் கோப்பு ஒன்று உண்டு. டபிள்யூஎஸ்டிஎல் என்பார்கள். அதில் 'தரவு' ஒரு சரம், அதாவது வெறும் எழுத்துத் தொடர், என்று எழுதியிருந்தது. அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை. பட்டியலை எடுத்து அப்படியே உறைக்குள் ஒட்டி அனுப்பினேன். உடனே பிழைச்செய்தி வந்தது. எழுத்துத் தொடர் வர வேண்டிய இடத்தில் ஏதோ உறுப்பு வந்திருக்கிறது என்றது.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, நான் வகுப்பில் சொல்லும் பாடமே நினைவுக்கு வந்தது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நச்சினார்க்கினியர் உரைக்குள் வரும் மேற்கோள்களை இனங்காணப் பட்ட பாட்டை என் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். ஏட்டில் எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடுகிறது. எது காப்பியம், எது உரை, எது உரையாசிரியர் வேறு நூலிலிருந்து எடுத்துக் காட்டியது என்பதற்கு வெளி அடையாளம் இல்லை. உள்ளே இருக்கும் பேச்சும் வெளியே இருக்கும் பேச்சும் ஒரே குறிகளால் எழுதப்பட்டால், படிப்பவன் எல்லையைக் கண்டறிய வேறு துணை வேண்டும். ஐயருக்கு அந்தத் துணை புலமையாக இருந்தது. வழங்கிக்குப் புலமை கிடையாது. என் பட்டியலின் குறிச்சொற்களை அது உறையின் குறிச்சொற்களாகவே படித்தது.

ஆகவே உள்ளே போகும் ஆவணத்தின் குறிகளை மாற்றிவிட வேண்டும். எக்ஸ்எம்எல்லில் கோணக்குறிகள் இரண்டு, மேற்கோள் குறிகள் இரண்டு, உம்மைக்குறி ஒன்று என ஐந்து குறிகளுக்கு மாற்றுருவங்கள் வகுத்திருக்கிறார்கள். கோணக்குறியை அதன் மாற்றுருவத்தால் எழுதிவிட்டால், உறையைப் படிக்கும் வழங்கி அதை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு செயற்கூறு அதைத் தன் கையில் வாங்கி, மீண்டும் ஆவணமாகப் பிரித்துப் படிக்கும். வேறு வழிகளும் உண்டு. சிடேட்டா என்னும் வேலிக்குள் ஆவணம் முழுவதையும் வைக்கலாம். ஆனால் வேலியை முடிக்கும் குறி உள்ளே எங்கும் வந்துவிடக் கூடாது. சேவையை அமைத்தவர்கள் 'தரவு' என்பதைச் சரமாக அல்லாமல் எக்ஸ்எம்எல் உறுப்பாகவே அறிவித்திருந்தால், நான் முதலில் செய்ததே ஏறக்குறையச் சரியாக இருந்திருக்கும். உள்ளே வைக்கும்போது ஆவணத்தின் தொடக்கத்திலுள்ள பதிப்பு அறிவிப்பை மட்டும் நீக்கிவிட வேண்டும். அந்த அறிவிப்பு ஓர் ஆவணத்தின் தலையில் மட்டுமே வரலாம், நடுவில் வர இயலாது.

உறையைக் கையால் தைப்பதை விட்டு, பிஎச்பியின் சோப் நூலகத்திடம் அவ்வேலையைக் கொடுத்தேன். சரமாகக் கொடுத்ததை அது தானே மாற்றி எழுதிக்கொண்டது. அடுத்து உம்மைக்குறி வந்து வழிமறித்தது. எங்கள் கல்லூரியின் பெயரிலேயே 'கலை & அறிவியல்' என்று அக்குறி இருந்தது. எக்ஸ்எம்எல்லில் அக்குறியைக் கண்டால் ஏதோ மாற்றுருவம் தொடங்குகிறது என்று பொருள். பின்னால் மாற்றுருவம் ஒன்றும் வராததால் பட்டியல் முழுவதும் தள்ளப்பட்டது. அதைக் கையால் திருத்தினேன். சரியாயிற்று. பிறகு, உள் ஆவணத்தையும் நூலகம் கொண்டே கட்டலாம் என்று நிரலை மாற்றியபோது, கையால் திருத்தும் வரியை நீக்க மறந்துவிட்டேன். நூலகமும் தன் பங்குக்கு ஒரு முறை திருத்தியது. தாய் மருந்து கொடுத்தது தெரியாமல் பாட்டியும் ஒரு வேளை கொடுத்த கதை. கலைக்கும் அறிவியலுக்கும் நடுவே ஏ, எம், பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் புகுந்த புதிய பெயரோடு எங்கள் கல்லூரி பல்கலைக்கழகத்தின் ஒப்புகைச் சீட்டில் அச்சாகி வந்தது. முதல்வர் அதை என்னிடம் காட்டி, "இது எந்தக் கல்லூரி?" என்று கேட்டார். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு முறை, அந்த அடுக்கைக் கட்டுபவரே மாற்ற வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது என்ற விதியை அன்று கற்றுக்கொண்டேன்.

நண்பரிடம் சொன்ன பாதி இத்துடன் முடிகிறது.

திருத்திய நிரலால் பட்டியலை அனுப்பினேன். மொத்தம் அறுபத்து மூன்று மாணவர். ஐம்பத்தொன்பது பேருக்கு 'ஏற்கப்பட்டது' என்று விடை வந்தது. நால்வருக்கு 'பெயர் பொருந்தவில்லை' என்று வந்தது. பட்டச் சான்றிதழில் தமிழ்ப் பெயரும் அச்சாகும் என்பதால், பதிவெண்ணோடு தமிழ்ப் பெயரும் ஒத்திருந்தால்தான் அச்செயற்கூறு மதிப்பெண்ணை ஏற்கும்.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தொன்பது பெயர் சரியாகப் போயிருக்கின்றன, நான்கு மட்டும் போகவில்லை, ஆகவே பிழை அந்த நால்வரிடம் இருக்கிறது என்று முடிவு செய்தேன். சேர்க்கையின்போது விண்ணப்பத்தில் பெயரைத் தவறாக எழுதியிருப்பார்கள். நால்வரையும் அழைத்து, தமிழிலக்கியம் படிக்கிறவர்களுக்குத் தம் பெயரைப் பிழையின்றி எழுதத் தெரியாதா என்று கடிந்துகொண்டேன். பள்ளி மாற்றுச் சான்றிதழைக் காட்டிப் பெயர்த் திருத்த விண்ணப்பம் கொடுக்கச் சொன்னேன். பெற்றோர் கையொப்பம் வேண்டும் என்றும் சொன்னேன். கடைசி நாளுக்கு நான்கு நாள்கள் இருந்தன. பொற்கொடி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "ஐயா, நான் சரியாத்தான்..." என்றாள். மேலே பேச நான் விடவில்லை.

மறுநாள் பிற்பகல் அவளுடைய தந்தை வந்தார். சந்தையில் மூட்டை தூக்குபவர். மஞ்சள் துணிப்பையில் சான்றிதழ்களைச் சுற்றி எடுத்துக்கொண்டு, துறை அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே வாருங்கள் என்று இருமுறை சொன்ன பிறகே வந்தார். மாற்றுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். பெயர் சரியாக இருந்தது. கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் சரியாக இருந்தது. அப்படியானால் பல்கலைக்கழகத்தில்தான் தவறாகப் பதிந்திருப்பார்கள், எதற்கும் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் கைந்நாட்டு வைத்தார். மை படிந்த விரலைத் துணிப்பையில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எம்புள்ளைக்கு நான் வச்ச பேருங்க ஐயா. அத எழுத எனக்குத் தெரியாது. ஆனா சொல்லத் தெரியும். பொற்கொடி. இதுல என்னங்க தப்பு?"

என்னிடம் விடையில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். மாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று புறப்பட்டுவிட்டார்.

அன்றிரவு வீட்டில், நால்வர் பெயரையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். பொற்கொடி, கோமதி, மனோகரன், சொக்கலிங்கம். எழுதி முடித்த பிறகு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கிலும் முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால். மற்ற ஐம்பத்தொன்பது பெயர்களில் ஒன்றில்கூட ஒகர ஓகார உயிர்மெய் இல்லை.

நிரலை எடுத்து, 'பொற்கொடி' என்ற பெயரில் எத்தனை குறியீடுகள் இருக்கின்றன என்று எண்ணச் சொன்னேன். தமிழிலக்கணப்படி அது நான்கெழுத்துச் சொல்: பொ, ற், கொ, டி. ஒருங்குறியில் மெய்யும் அதன்மேல் ஏறும் குறியும் தனித்தனி என்பதால் எட்டு வர வேண்டும். பத்து வந்தது.

காரணம் பிறகு விளங்கியது. எங்கள் அலுவலகத்தில் மாணவர் பட்டியலைப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். தமிழக அரசு 1999இல் அறிவித்த டேப் போன்ற எட்டுபிட்டுக் குறியேற்றங்களில், எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படும். முதலில் கொம்பு, அடுத்து ககரம், அடுத்து கால். ஒருங்குறியில் ககரம் முதலில் வர வேண்டும், உயிர்க்குறி பின்னால் வர வேண்டும். ஒகரக் குறிக்கு அங்கே தனியிடம் ஒன்று உண்டு. கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்றே ஒருங்குறித் தரம் சொல்கிறது. பழைய பட்டியலை ஒருங்குறிக்கு மாற்றும் நிரலை நானே எழுதியிருந்தேன். அது கொம்பை எடுத்து ககரத்துக்குப் பின்னால் வைத்தது. காலை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டது. பல்கலைக்கழகத்திலோ ஒருங்குறி விசைப்பலகையில் தட்டியிருந்தார்கள், அங்கே ஒரே குறி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், அச்சிலும் அப்படியே. எக்ஸ்எம்எல் விதிநூலோ, ஒரு பெயரை இருவகையாக எழுத முடிந்தாலும் இரு பக்கமும் ஒரே வகையில் எழுதியிருந்தால்தான் பொருத்தம் என்கிறது. அந்தச் செயற்கூறும் உள்ளதை உள்ளபடியே ஒப்பிட்டது. அங்கிருந்தது எட்டு, நான் அனுப்பியது பத்து.

இதில் என்னை வெட்கப்பட வைத்தது வேறொன்று. அந்தப் பருவத்தில்தான் நான் அவர்களுக்குச் சுவடியியல் நடத்தியிருந்தேன். எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளியிட வேண்டும் என்பது தொல்காப்பியர் விதி. ஆனால் ஏட்டில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் அதை விட்டுவிடுவார்கள். காலும் ரகரமும் அங்கே ஒரே வடிவம். ஆகவே கொம்பு, ககரம், கால் என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் அதைக் கொ என்றும் கோ என்றும் கெர என்றும் கேர என்றும் படிக்க இடமுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குக் கொம்பைச் சுழித்துக் கொடுத்த பிறகே கொவ்வும் கோவும் பிரிந்தன. ஒரே எழுத்து, பல படிப்பு. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி, பாடவேறுபாடு தோன்றினால் உடனே ஏடெழுதியவனைக் குறை சொல்லாதீர்கள், நம் வாசிப்பையும் ஐயுறுங்கள் என்று மூச்சுவிடாமல் பேசியிருந்தேன். கணினியில் அதன் மறுதலை நிகழ்ந்திருந்தது: ஒரே படிப்பு, இரண்டு எழுத்து. நான் மட்டும் ஏடெழுதியவரைக் குறை சொல்லிவிட்டேன்.

வழங்கி சொன்னது 'பெயர் பொருந்தவில்லை' என்பது மட்டுமே. இரண்டு தொடர்களும் ஒன்றல்ல என்றது. எது தவறு என்றோ, யார் தவறு என்றோ அது சொல்லவேயில்லை. அந்தப் பகுதியை நான்தான் சேர்த்தேன். ஒரு பக்கம் பல்கலைக்கழகம், ஒரு பக்கம் என் நிரல், நடுவே மூட்டை தூக்குபவரின் மகள். பிழையை யார் தலையில் வைப்பது என்று நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. அது தானாகவே மிக எளிய இடத்தில் போய் அமர்ந்தது. எழுதத் தெரியாத மனிதர் சரியாகச் சொன்ன பெயரை, எழுத்திலக்கணம் நடத்துகிறவன் பிழையென்று சொல்லிக் கைந்நாட்டு வாங்கியிருந்தேன்.

திருத்தம் மூன்றே வரி. எகரக் கொம்பும் காலும் அடுத்தடுத்து வந்தால் ஒகரக் குறி, ஏகாரக் கொம்பும் காலும் வந்தால் ஓகாரக் குறி, எகரக் கொம்பும் ஔகாரச் சிறகும் வந்தால் ஔகாரக் குறி. இதற்கு இயல்பாக்கம் என்று பெயர் உண்டு என்றும், இரு முனையிலும் அதைச் செய்துவிட்டே ஒப்பிட வேண்டும் என்றும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். காலையில் நால்வர் பட்டியலை மீண்டும் அனுப்பினேன். நான்கு முறை 'ஏற்கப்பட்டது' என்று வந்தது. திருத்த விண்ணப்பங்களை அலுவலகத்திலிருந்து திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டேன்.

முதல் வகுப்பிலேயே நால்வரிடமும் மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டதை எல்லார் முன்னிலையிலும்தான் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். கரும்பலகையில் 'கொ' என்று எழுதி, நடந்ததைச் சொன்னேன். மாணவர்கள் சிரித்தார்கள். பொற்கொடி சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அவளிடம், அப்பாவிடம் நான் வருந்தியதாகச் சொல் என்றேன். "சொல்றேன் ஐயா" என்றாள். சற்று நின்று, "அவங்க நேத்து ராத்திரியே எங்கிட்டக் கேட்டாங்க, பேர மாத்திக்கலாமான்னு" என்றாள்.

அந்தச் சேவை இப்போது இல்லை. இத்தகைய பரிமாற்றங்கள் பலவும் ஜேசான் வடிவத்துக்கு மாறிவிட்டன. சோப்பும் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. வடிவம் எதுவானாலும், உள்ளே வைப்பதன் குறிகளை வெளியே இருப்பதன் குறிகளோடு கலக்காமல் பிரித்துத்தான் அனுப்ப வேண்டும், எழுத்துகளை இயல்பாக்கித்தான் ஒப்பிட வேண்டும். சுவடியியல் வகுப்பில் ஆண்டுதோறும் கொம்பும் காலும் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்கிறேன். ஆனால் பெயரை மாற்றிக்கொள்ளலாமா என்று ஒரு தந்தை தம் மகளிடம் கேட்டதை மட்டும் வகுப்பில் இதுவரை சொன்னதில்லை. இங்கேதான் முதன்முறையாகச் சொல்கிறேன்.